தபால் சீட்டிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு: புதிய இளநிலை உதவியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

குரூப் 4 எழுதித் தேறி, கலந்தாய்வில் துறையைத் தேர்ந்தெடுத்து, வீட்டாரோடு வந்து பணியில் சேர்ந்து, அலுவலகம் முழுக்க இனிப்பும் கொடுத்தாயிற்று. இரண்டாவது வாரம் ஒரு மாதிரி ஆகும். உறை ஒட்டுவது, எண் போடுவது, ஒப்பம் வாங்குவது, மறுபடி உறை ஒட்டுவது. "இதுக்கா சார் மூணு வருஷம் ராத்திரி பகலா படிச்சேன்?" என்று என்னிடம் கேட்ட பிள்ளைகள் நிறையப் பேர். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற தேர்வு இது. பி.இ., எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் எழுதித் தேறி வந்து உட்காரும்போது அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பல தாலுகா அலுவலகங்களில் பல சீட்டுகள் பார்த்து ஓய்வு பெற்றவன். சீட்டு என்றால் ஒருவருக்கென ஒதுக்கிய மேசையும் அதன் வேலையும். இந்த வேலை உனக்குப் பிடிக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. சிரித்த முகத்தோடு இருங்கள், எல்லாம் சரியாகும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாள் மனுக்கட்டு வந்து மேசையில் விழுந்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியாது. வேலையில் எதைப் பார்க்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பிடிப்பு அதற்குப் பிறகு மெதுவாக வரும். சில சீட்டுகளில் வராமலும் போகும், அதையும் கீழே சொல்கிறேன்.

முதல் நாள்: பட்டியல் இல்லாமல் பொறுப்பேற்காதீர்கள்

மனநிலையைப் பற்றிப் பேச வந்துவிட்டுப் பட்டியலில் தொடங்குகிறேனே என்று நினைக்க வேண்டாம். வேலை மேல் வரும் வெறுப்பில் பெரும்பகுதி உண்மையில் பயம். பீரோவைத் திறந்தால் என்ன இருக்கிறது என்று தெரியாத பயம், எந்தக் கோப்பிலிருந்து எப்போது விளக்கம் கேட்பார்களோ என்கிற பயம்.

அதனால் முன்பு அந்தச் சீட்டைப் பார்த்தவரிடம் நிலுவைக் கோப்புகளின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். தன்பதிவேட்டில், அதாவது அந்தச் சீட்டுக்கு வந்த கடிதங்களைப் பதியும் பதிவேட்டில், முடிவு காட்டப்படாத ஒவ்வொரு ந.க. எண்ணுக்கும் (கோப்பு எண்) நேரே கோப்பு கையில் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். இல்லாததை 'இல்லை' என்று எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, கண்காணிப்பாளர் பார்வைக்கு வையுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்பார்கள். நயமாகச் சிரித்துக்கொண்டே எழுதி வாங்குங்கள். கோப்புகளைக் கணினியில் நடத்தும் இ-ஆபீஸ் வந்துவிட்ட அலுவலகத்திலும் பழைய காகிதக் கோப்புகள் பீரோவில் இருக்கும், அவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்த ஒரு தாளைச் செய்யாமல் பொறுப்பேற்றுவிட்டு ஆறு மாதம் நான் தூங்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் தொலைத்த கோப்புக்கு நான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதத்தில் அந்த மேசையையே வெறுத்தேன். மேசை என்ன செய்யும்?

முதல் வாரம்: கட்டுகளை மூன்றாகப் பிரியுங்கள்

மேலே இருப்பதை எடுத்து வேலை தொடங்கினால் எப்போதும் மூச்சுமுட்டும். ஒரு நாள் மதியம் எல்லாக் கோப்பையும் இறக்கி மூன்றாகப் பிரியுங்கள். நாமே இன்றைக்கு முடிக்கக்கூடியவை முதல் கட்டு. வேறு யாராவது அறிக்கை தர வேண்டியவை இரண்டாவது: கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், நில அளவர், பக்கத்துத் துறை என்று அதற்குள்ளும் பிரியும். பழைய ஆவணம் தேட வேண்டியவை மூன்றாவது.

முதல் கட்டு நீங்கள் நினைப்பதைவிடப் பெரியதாக இருக்கும். மனுதாரருக்குப் பதில் போய் வருடம் ஆகியிருக்கும். கோப்பை முடிக்க மட்டும் யாருக்கும் மனம் வந்திருக்காது. அவற்றை வரிசையாக முடிவுக்கு வையுங்கள். ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று நான்கு முத்திரை. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். என்ன முடிவு போடலாம் என்று குறிப்பெழுதி வைக்கிறவர் நீங்கள்தான், நேற்றுச் சேர்ந்த இளநிலை உதவியாளர். இந்தக் காகிதம் எத்தனை வருடம் உயிரோடு இருக்க வேண்டும் என்கிற யோசனை உங்கள் பேனாவிலிருந்துதான் தொடங்குகிறது. நில உரிமை சம்பந்தப்பட்டதை ஓராண்டு முடிவில் தள்ளிவிட்டால், பின்னால் ஒருவர் அதைத் தேடி வரும்போது பதிவறையில் வெறும் தூசிதான் இருக்கும்.

இரண்டாவது வாரம்: ஒரே ஒரு கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

இதில் மட்டும் கொஞ்சம் அதிகம் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நிலவுடைமைப் பதிவுகளை மேம்படுத்த 1979இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த வேலை அது. கிராமம் கிராமமாகப் போய், யார் அனுபவத்தில் எந்த நிலம் இருக்கிறது என்று பார்த்து, பழைய கணக்குகளைப் புதிய பதிவேடுகளுக்கு மாற்றினார்கள். எழுதியவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். வெயிலில் அலைந்துவிட்டு வந்து, விளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான பெயர்களைப் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார்கள். அலுப்பு வந்திருக்காதா? வந்திருக்கும்.

அப்படி அலுத்துப்போன ஏதோ ஒரு சாயங்காலம் ஒரு கை அப்பா பெயரை மாற்றி எழுதிவிட்டது. அல்லது 2ஏ என்கிற உட்பிரிவு 2பி ஆகிவிட்டது. அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. நிலத்துக்காரர் உழுதுகொண்டிருந்தார், தீர்வை கட்டிக்கொண்டிருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு பேரன் கல்விக்கடனுக்கோ, பாகப்பிரிவினைக்கோ சிட்டா எடுத்துப் பார்க்கிறான். வேறு ஒருவர் பெயர் நிற்கிறது. 'யு.டி.ஆர். பிழைத் திருத்தம் கோரி' என்று பொருள் எழுதிய மனு உங்கள் மேசைக்கு வருகிறது. அந்த வேலை முடிந்து நாற்பது வருடத்துக்கு அருகில் ஆகியும் அந்த மனுக்கள் தீரவில்லை.

அப்படி ஒரு கோப்பை எடுங்கள். அவசரம் இல்லாத நாளாகப் பார்த்து, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். நடப்புக் கோப்பில் மனு, பத்திர நகல், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று. குறிப்புக் கோப்பில் ஒருவருக்குப் பின் ஒருவராக எழுதிய குறிப்புகள். கையெழுத்து மாறும்போதெல்லாம் ஒரு சீட்டு மாற்றம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒருவர் தெளிவாக எழுதியிருப்பார்: இன்ன ஆவணம் இல்லை, இன்ன தேதிக்குள் கேட்டிருக்கிறோம். இன்னொருவர் 'பார்வையில் கண்ட கடிதத்தின் மீது உரிய நடவடிக்கை எடுக்கலாமா?' என்று எழுதி மேலே தள்ளியிருப்பார். அது அப்படியே கீழே வந்திருக்கும். நான்கு மாதம் போயிருக்கும்.

நம் வேலை யாரைத் தொடுகிறது என்பதை எந்த வகுப்பும் இந்த அளவுக்குச் சொல்லித்தராது. இதைப் படித்த பிறகு சர்வே எண் எழுதும்போது கை தானாகக் கொஞ்சம் நின்று, மூலத்தை மறுபடி பார்த்துவிட்டு எழுதும்.

எனக்கு அது கோப்பில் கிடைக்கவில்லை, நேரில்தான் கிடைத்தது. என் முதல் சீட்டு தபால் அனுப்புகை. பசை, உறை, அரசுப் பணித் தபால்தலைகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம். கேவலமான சீட்டு என்று நினைத்தேன். ஒரு வாரம் எரிச்சலில் உறைகளை இரண்டு நாள் அப்படியே வைத்திருந்து மூன்றாம் நாள் மொத்தமாக அனுப்பினேன். அதில் ஒரு விசாரணை அறிவிப்பு இருந்திருக்கிறது. விசாரணை முடிந்த மறுநாள் காலையில், இரண்டு பஸ் மாறி ஒரு அம்மா வந்து நின்றார். கையில் நான் ஒட்டிய உறை. "நேத்து சாயங்காலம்தான் தம்பி வந்துச்சு" என்றார். கோபமே இல்லை. தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர் வேறு தேதி கொடுத்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அலுவலக உதவியாளர் அண்ணன் மட்டும், "அந்தம்மா சாப்பிடாம வந்திருக்கும், டீயும் பன்னும் வாங்கிக் குடுத்து பஸ் ஏத்திட்டு வாங்க" என்றார். போனேன். பஸ் வரும்வரை முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு எந்த உறையும் என் மேசையில் இரவு தங்கியதில்லை.

முதல் மாதம்: முன்னால் நிற்பவரிடம் பேசும் முறை

"நாளைக்கு வாங்க" என்கிற இரண்டு சொல்லை விட்டுவிடுங்கள். நாளைக்கு முடியாது என்று உங்களுக்கே தெரியும். அவர் வருவார், உங்களுக்கு எரிச்சல் வரும், அவருக்குக் கோபம் வரும், அன்றைய நாள் இருவருக்கும் போச்சு. அதற்குப் பதிலாக மூன்று விவரம் சொல்லுங்கள்: கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது, எந்தத் தேதிக்கு மேல் வந்தால் பயன் உண்டு. ஒரு துண்டுத் தாளில் ந.க. எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அவருடைய கைபேசி எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு அழைப்பில் ஒரு நாள் கூலி மிச்சமாகும் அவருக்கு.

பெயரைப் படித்துக் கூப்பிடுங்கள். வயதானவர் என்றால் அம்மா, ஐயா, பெரியவரே. 'மனுதாரர்' என்பது காகிதத்துக்கான சொல். முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்தால் அந்தப் பணம் வந்ததா என்று கேட்டு நிற்கிறவர்களைத் தினமும் பார்ப்பீர்கள். பலருக்குக் காது மந்தம். நாம் கத்துவதாகப் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் நினைத்தால் நினைக்கட்டும்.

எல்லோரும் நல்லவர்களாக வர மாட்டார்கள். சிலர் கட்சிக்காரரோடு வருவார்கள், சிலர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே பேசுவார்கள். அவர்களிடமும் அதே மூன்று விவரம், அதே குரல்.

இரண்டாவது மாதம்: குறிப்பு எழுதுவதை ஒரு கைவேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்

இந்த வேலையில் நமக்கென்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்றால் அது குறிப்பு. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் வந்து எத்தனையோ காலம் ஆகியும் நாம் எழுதும் தமிழ் பல நேரம் தமிழாக இருப்பதில்லை. 'மேற்காணும் பொருள் தொடர்பாக பார்வையில் காணும் கடிதத்தில் கோரப்பட்டவாறு உரிய மேல்நடவடிக்கைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது, யார் மேலும் பழியும் வராது. அதற்காகவே அப்படி எழுதப்படுகிறது என்பது என் சந்தேகம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'மனுதாரர் தந்தை பெயர் திருத்தம் கேட்கிறார். 1984ஆம் ஆண்டுப் பத்திர நகல் வைத்துள்ளார். பழைய அ-பதிவேட்டு நகல் கோப்பில் இல்லை. பதிவறையில் இருந்து பெற்று வரும் 15ஆம் தேதிக்குள் வைக்கலாம்.' நான்கு வரி. மேலே இருப்பவர் படித்ததும் ஒப்பமிடுவார். உங்கள் குறிப்பு திருத்தம் இல்லாமல் திரும்பி வருகிற முதல் நாள் உங்களுக்கே தெரியும், அந்தச் சின்ன சந்தோஷம் என்ன என்று.

கூடவே நாளுக்கு ஒரு புதுச் சொல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயிர் விவரம் காட்டும் அடங்கல் ஏன் கிராமக் கணக்கு எண் 2, யாருக்கு எந்த நிலம் என்று காட்டும் சிட்டா ஏன் 10? பசலி என்றால் என்ன? நிலவருவாய்க் கணக்குக்கான ஆண்டு அது, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. அது தொடங்கும் ஆங்கில ஆண்டில் 590ஐக் கழித்தால் வரும், 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. மசால்ஜி என்று ஒரு பணியிடம் ஏன் இருக்கிறது? தீவட்டி பிடித்தவர்களின் பெயர் அது. விளக்கு போய் டியூப்லைட் வந்து எல்.இ.டி.யும் வந்துவிட்டது, பணியிடத்தின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. இதையெல்லாம் கேட்டால் பழைய ஆட்கள் முகம் மலர்ந்து சொல்வார்கள். பதிவறை எழுத்தரோடு நட்பு பிடித்துக்கொண்டால் பாதிச் சீட்டு பார்த்த மாதிரி.

துறைத் தேர்வுகளையும் இந்தச் சூட்டோடு எழுதிவிடுங்கள். மே, டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை வரும். அலுவலக நடைமுறை நூலைத் தேர்வுக்காக மட்டும் படித்தால் வேப்பெண்ணெய். உங்கள் மேசையில் இருக்கும் கோப்பை வைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு பழைய தப்பிலிருந்து பிறந்தது என்று புரியும்.

தினமும் ஐந்தரை மணிக்கு

5.45க்கு அலுவலகம் முடிகிறது. கால்மணி நேரம் முன்னால் ஒரு சின்ன நோட்டை எடுங்கள். இன்று முடிந்த கோப்பு எண்கள், யாருக்கு என்ன பதில் போனது, நாளை காலை முதலில் எதை எடுக்க வேண்டும். அவ்வளவுதான், நாலைந்து வரி.

இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்குப் பல வருடம் தெரியாது, பழக்கமாகச் செய்துகொண்டிருந்தேன். டெரசா அமாபிலே என்கிற அமெரிக்க ஆய்வாளர் ஏழு நிறுவனங்களில் 238 பேரைத் தினமும் குறிப்பெழுத வைத்து, ஏறக்குறைய 12,000 குறிப்புகளைப் படித்துப் பார்த்திருக்கிறார். வேலை செய்கிறவர் மனதை நல்லபடியாக வைத்த காரணங்களில் முதலில் நின்றது, அர்த்தமுள்ள வேலையில் அன்றைக்கு ஓர் அடியாவது முன்னால் போனோம் என்கிற உணர்வு. நம் வேலையின் கோளாறு அங்கேதான் இருக்கிறது. பத்து முடித்தால் பதினைந்து புதிதாக வரும். கட்டு குறையவே குறையாது. கட்டைப் பார்த்தால் ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும். நோட்டைப் பார்த்தால்தான் பத்து முடித்தது தெரியும்.

பின்னால் விளக்கம் கேட்டால் அதே நோட்டு துணைக்கும் வரும். அந்த லாபத்தையும் மறைப்பானேன்.

டீக்கடைப் பேச்சு

பதினொரு மணி டீயை விடாதீர்கள். தனியாக உட்கார்ந்து நல்லவனாக இருக்க முடியாது. அங்கே புலம்பல் ஓடும், அதுவும் தேவைதான். ஆனால் புலம்பலில் இரண்டு வகை உண்டு. "சர்வர் காலையிலிருந்து தொங்குது, யாரைக் கேக்கறது?" என்பது ஒன்று. அதில் யாராவது ஒரு வழி சொல்வார்கள். "இந்தச் சனங்களே இப்படித்தான்" என்பது இன்னொன்று. அதைத் தினமும் கேட்டால், மேசைக்குத் திரும்பி வந்து பார்க்கும் முதல் முகத்தையே நாம் எரிந்து விழுந்துதான் பார்ப்போம். அந்தப் பேச்சு தொடங்கும்போது டம்ளரைக் கழுவப் போய்விடுங்கள். சண்டை போட வேண்டாம்.

இதெல்லாம் மனநிலைப் பிரச்சினை இல்லை

எதையும் சகித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று பேர் பார்க்க வேண்டிய சீட்டை ஒருவர் பார்ப்பது ஆள் பற்றாக்குறை. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் மரியாதை இல்லாமல் பேசுவது அவருடைய குறை. இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில் 'உடன் விவரம் அனுப்பவும்' என்று வருவதை நேர்மறையாகப் பார்க்க எனக்கும் தெரியாது. இவற்றுக்கு எழுத்தில் கேளுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள். வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு இருக்கிறது. உடம்புக்கு முடியாத நாளில் எடுத்துக்கொள்ளுங்கள். விடுப்பே எடுக்காதவர் நல்ல ஊழியர் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அப்படி ஒருவரோடு வேலை பார்த்திருக்கிறேன். வாரம் முழுக்க எரிந்து விழுவார்.

தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், காலையில் அலுவலக வாசலைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் அது நோட்டுப் போட்டுத் தீராது. மருத்துவரிடம் போங்கள்.

கையூட்டு பற்றியும் ஒரு வார்த்தை. சட்டத்தையும் சஸ்பென்ஷனையும் ஒதுக்கி வைத்துவிட்டே சொல்கிறேன். ஒரு தடவை வாங்கிவிட்டால், கோப்பைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். எது முடிகிறது என்று பார்த்த கண், எது தேறும் என்று பார்க்கத் தொடங்கும். அதன் பிறகு மேலே சொன்ன எந்த வழியும் உதவாது.

சீட்டு மாறும்போது

மாறும். ஜமாபந்தி என்கிற வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை முடிந்ததும், தேர்தல் வந்ததும், யாராவது பதவி உயர்வில் போனதும் மாற்றுவார்கள். இரண்டு வருடம் பழகிய சீட்டாக இருந்தாலும் ஒரு சாயங்காலத்தில் உத்தரவு வந்துவிடும். தகுதிகாண் பருவத்திலேயே இரண்டு மூன்று சீட்டு பார்த்துவிடுவது நல்லதுதான். வராத பிடிப்பு அடுத்த சீட்டில் வரலாம். எனக்குக் கடைசிவரை கணக்குச் சீட்டு பிடிக்கவில்லை, பில் போடும் நாளெல்லாம் தலைவலிதான். பிழையில்லாமல் பார்த்தேன், அவ்வளவுதான்.

போகும்போது அடுத்து வருகிறவருக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். நிலுவைப் பட்டியல் தனி, இது வேறு. எந்த அலுவலகம் ஒரே நினைவூட்டில் பதில் தரும், எது மூன்று நினைவூட்டுக்குப் பிறகும் தராது. எந்தப் பதிவேடு எந்த பீரோவில் எந்தத் தட்டில். நான் கடைசியாக எழுதி வைத்த பக்கத்தில், ஒரு வாரிசுச் சான்று மனுவுக்கு நேரே இப்படி இருந்தது: 'இவருக்கு இடது காது கேட்காது. வலப்பக்கம் நாற்காலி போடவும். செவ்வாய்க்கிழமை வருவார்.'